நிழலிடம் வாங்கிய சம்மதம்

உதவி செய்கிறேன் என்று வருகிறவனை நான் நம்புவதில்லை. அதற்குப் படிப்பும் தேவையில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் நறுவிலிமுனைக் கடற்கரையில் ஒரு குளிர் அறை நிற்கிறது. மீன் பழுதாகாமல் வைக்க வெளிநாட்டுக்காரர் கட்டித் தந்தது. திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள், பாண்ட் வாத்தியம் அடித்தார்கள். கரண்ட் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதற்குள் ஆடுகள்தான் படுக்கின்றன. முப்பது வருசத்துக்கு மேல் மீன் லொறி ஓட்டினேன். அந்த அறையிலிருந்து ஒரு பெட்டி மீன்கூட நான் ஏற்றியதில்லை.

பிறகு நாடே முறிந்தது. டீசல் இல்லை, கோதுமை மா இல்லை, மருந்து இல்லை. லொறியைக் கொட்டிலுக்குள் விட்டுச் சாக்கால் மூடினேன். அந்தக் காலத்தில்தான் பன்னாட்டு மீட்புச் சபை என்று ஒன்று வந்தது. சபையின் ஆளாக எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தவன் கஜரூபன். வவுனியாப் பக்கத்தவன், முன்தலை வழுக்கை, பெண்சாதி பிள்ளை உள்ளவன். கையில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தான்.

"இது ஒரு வருசம் உங்கட சுவரில தொங்கும், ஐயா. நீங்கள் கதைக்கிறது, சண்டை பிடிக்கிறது, என்ன சமைக்கிறியள், எப்ப படுக்கிறியள், எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருக்கும்."

பக்கத்து வீட்டுப் பறுனாந்து வேலிக்கு மேலால் தலையை நீட்டினான். அவன் சொந்தப் படகு வைத்திருந்தவன். படகைப் போலவே வாயும் பெரிது. "மனிசி ஏசுறதும் கேக்குமோ தம்பி?"

"அதுவும் கேக்கும்."

"அப்ப என்ர வீட்டில மாட்டாதையும். உம்மட மெசின் ஒரு கிழமையில செவிடாப் போயிடும்."

நான் சிரிக்கவில்லை. "கேட்டு என்ன செய்யப் போறியள்?" என்றேன்.

"மெசினுக்குள்ள உங்களைப்போல ஒரு ஆளைச் செய்வினம், ஐயா. நிழல் எண்டு பேர். உங்கட யோசனை, உங்கட கதை, உங்கட கோபம் எல்லாம் அதுக்கு இருக்கும். இப்பிடி ஊர் முழுக்க, நாடு முழுக்கச் செய்வினம். பிறகு உதவியை முதல்ல நிழல் ஊருக்குக் குடுத்துப் பார்ப்பினம். இந்த ஊருக்கு மா குடுத்தா என்ன நடக்கும், டீசல் குடுத்தா என்ன நடக்கும் எண்டு அஞ்சு வருசத்தை ஒரு நொடியில ஓட்டிப் பாக்கலாம். சரிவந்தாத்தான் மெய்யான ஊருக்குக் காசு."

"கரண்ட் இல்லாத குளிர் அறை கட்ட மாட்டியள் எண்டு சொல்லுறீர்."

"அதேதான்."

"எங்களிட்டக் கேட்கலாமே? நாங்கள் ஊமையே?"

"கேட்பினம் ஐயா. நிழலிட்ட. அதின்ர சம்மதம் இல்லாம ஒரு ஊருக்கும் ஒண்டும் செய்யக் கூடாது எண்டு சட்டம்."

அதற்குள் மதலேன் பிளேன்ரீக் கோப்பையோடு வந்தாள். மதலேனம்மா என் மனைவி. வந்தவனுக்கு நீட்டினாள்.

"வேண்டாம் அம்மா, இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

"அதுக்கென்ன, ஒரு வாய்."

"இல்லை அம்மா, மெய்யா வேண்டாம்."

"வெய்யிலுக்குள்ளால வந்த பிள்ளை. பிடியுங்கோ."

வாங்கினான். காலையிலிருந்து ஒன்றுமே குடிக்காதவன்போல ஒரே மூச்சில் குடித்து முடித்தான். எங்கள் பக்கத்தில் எவரும் அப்படித்தான். அதில் கவனிக்க என்ன இருக்கிறது? நான் கவனித்தது அவளுடைய காலை. பாதம் வீங்கிப் பொம்மியிருந்தது. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் மெசினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். அந்த மெசினுக்குப் போடும் வடிகட்டியும் மருந்தும் கப்பலில் வரவேண்டும். வாங்க அரசாங்கத்திடம் காசு இல்லை. இருக்கிறது முடிந்ததும் அந்தப் பகுதியைப் பூட்டுவோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"இந்தப் பெட்டியை மாட்டினா அந்தப் பகுதி பூட்டாம இருக்குமோ?" என்று கஜரூபனிடம் கேட்டேன்.

"சபையின்ர திட்டத்தில அது வரவேணும். உங்கட ஆக்களின்ர நிழல் கேட்டா வரும்."

ஆணியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டி ஒரு வருசம் தொங்கியது. கழற்றிக்கொண்டு போனார்கள். நாலைந்து மாதம் கழித்துத் திட்டம் வந்துவிட்டது என்று கோயில் மண்டபத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். மதலேன் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். கஜரூபன் மேடையில் நின்றான். கதிரை இருந்தும் அவன் அதில் இருக்கவில்லை.

"முதல் அஞ்சு வருசத்தில இந்தக் கரைக்கு உதவி இல்லை" என்றான்.

அவன் மேலும் சொன்னான். மாவும் டீசலும் தெற்குப் பட்டணங்களுக்குப் போகின்றன. எங்கள் கரையில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியின் டயலிசிஸ் பகுதியும் திட்டத்தில் இல்லை.

"ஏன்?" என்று கத்தினான் பறுனாந்து. "நாங்கள் மனிசர் இல்லையோ?"

"உங்கட நிழல்கள் வேண்டாம் எண்டு சொல்லிட்டினம்."

"என்ர நிழலோ? வேண்டாம் எண்டோ? கலியாண வீட்டில ரெண்டு பந்தி இருக்கிறவன் நான். உது என்ர நிழல் இல்லை தம்பி. வேற ஆரையோ பிடிச்சு வைச்சிருக்கிறியள்."

சனம் சிரித்தது. கஜரூபன் கையில் இருந்த, எழுத்து ஒளிரும் கண்ணாடிப் பலகையைப் பார்த்து வாசித்தான். "பறுனாந்து. 'எங்களுக்கென்ன குறை, கடல் கிடக்கு. இல்லாத சனத்துக்குக் குடுங்கோ.'"

பறுனாந்து தலையைச் சொறிந்தான்.

"லூர்தம்மா. 'நாங்கள் எப்பிடியும் சமாளிச்சுக்கொள்ளுவம் பிள்ளை.' சந்தியோகு. 'ஒருத்தரிட்டயும் கை நீட்டி எனக்குப் பழக்கமில்லை.'"

சந்தியோகு நான்தான். பொய் என்று கத்த வாய் வந்தது. ஆனால் அது நான் சொல்லுகிற சொல்தான். கிராம சேவகர் அரிசி கொடுக்க வந்தபோதும், பாதர் பழைய உடுப்புக் கொடுக்க வந்தபோதும் அதைத்தான் சொன்னேன். பிறகு வாங்கினேன். அவர்கள் திரும்பவும் கேட்டார்கள், வாங்கினேன்.

கஜரூபன் அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டான். பலகையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். முகம் செத்துப் போனது.

"ஒருக்காத்தான் கேட்டிருக்கினம்" என்றான், தனக்குள் சொல்லுகிறவன்போல.

"என்ன?"

"நிழலிட்ட ஒருக்காத்தான் கேட்டிருக்கினம். வேணுமா எண்டு கேட்டது. வேண்டாம் எண்டு பதில் வந்தது. அதோட விட்டிட்டினம். நாங்கள் முதல் தரம் கேட்டா ஓம் எண்டு சொல்ல மாட்டம் எண்டதை... நான் அவைக்குச் சொல்லேல்லை."

"அதை ஒருத்தர் சொல்லித் தரவேணுமே?" என்றாள் எங்கள் மற்றப் பக்கத்து வீட்டு லூர்தம்மா. "ஆரும் மானமுள்ளவை முதல் தரம் ஓம் எண்டுவினமே?"

"தெற்கில ஓம் எண்டு சொல்லியிருக்கினமே" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"வெக்கங்கெட்ட சனம்" என்றான் பறுனாந்து. சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்தான். "இல்லை. பசியாக் கிடந்திருக்கும்."

பிறகுதான் சத்தம் வந்தது. பறுனாந்து மேடையில் ஏறிவிட்டான். "இந்தா, நான் இப்ப சொல்லுறன். வேணும்! மா வேணும், டீசல் வேணும், எல்லாம் வேணும். எழுதும்!"

"நேர ஆள் சொல்லுறதை எடுக்க மாட்டினம், அண்ணை" என்றான் கஜரூபன். "முந்தி மற்ற நாடுகளில கூட்டம் வைச்சுக் கேட்டிருக்கினம். தலைவர்மார் சொல்லிக் குடுத்ததைத்தான் சனம் சொல்லிச்சுதாம். ஆளை வெருட்டலாம், வாங்கலாம். நிழலை ஒருத்தரும் வெருட்ட ஏலாது. அதாலதான் நிழலின்ர சொல்லு மட்டும் செல்லும்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என் வாயை என்னிடமிருந்து கழற்றிக்கொண்டு போய் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஆணி நான் கொடுத்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கஜரூபன் ஓடித்தான் திரிந்தான். கொழும்புக்குப் போய்ச் சபைக்காரரோடு சண்டை பிடித்தான் என்று கேள்விப்பட்டேன். திரும்ப ஒரு தரம் ஓட்டிப் பார்க்கவும், மூன்று தரம் கேட்கவும் அனுமதி வாங்கினான். அதற்குள் மாரி தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வடிகட்டி முடிந்துகொண்டு வந்தது; கிழமைக்கு இரண்டு தரம் என்றது ஒரு தரம் ஆயிற்று. மதலேனின் முகம் ஊதியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே நித்திரை கொண்டாள். பஸ்ஸில் இடம் இல்லாத நாளில் அவளை என் தோளில் சாத்திக்கொண்டு நின்றேன். பெட்டி சுவரில் தொங்கிய காலத்திலேயே தொடங்கிய நெஞ்சு இரைப்பு எனக்கும் கூடியிருந்தது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் நான் கொட்டிலில் லொறிக்குள் ஏறி இருந்தேன். ஓடாத லொறிதான், ஆனாலும் அதற்குள் இருந்தால் எனக்கு மண்டை கொஞ்சம் தெளியும். கஜரூபன் நனைந்த சைக்கிளைச் சாத்திவிட்டு மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறினான்.

"சரிவந்திட்டுது ஐயா. மூண்டாம் தரம் எல்லாரும் ஓம் எண்டிட்டினம். மா வருது, டீசல் வருது. டயலிசிஸ் பகுதியும் நடக்கும்."

நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு கந்தோர் உத்தியோகக்காரனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் கண்ணாடிக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லும்" என்றேன்.

"அது ஒரு ஆளுக்குச் சரியான செலவு, ஐயா. அதால ஒவ்வொரு நோயாளியின்ர நிழலிட்டயும் தனித்தனியாக் கேட்கவேணும். ஓம் எண்ட ஆளுக்கு மட்டும்தான் வடிகட்டி வரும். மற்ற எல்லாரும் மூண்டாம் தரம் ஓம் எண்டிட்டினம்."

"மதலேன்?"

"மூண்டு தரமும் வேண்டாம் எண்டிட்டா."

"பொய்."

"குரல் இருக்கு. உங்களுக்குப் போட்டுக் காட்டக் கூடாது. ஆனாப் போடுறன்."

போட்டான். மெசின் கேட்டது எழுத்துத் தமிழில். "இந்தச் சிகிச்சை உங்களுக்குத் தொடர வேண்டுமா?"

"எனக்கென்ன தம்பி, வயசு போன மனிசி. வேற பிள்ளையளுக்குப் பாருங்கோ." அவளேதான். அந்த இழுப்பு, வசனத்தின் கடைசியில் வருகிற அந்தச் சின்னச் சிரிப்பு.

இரண்டாம் தரம் கேட்டது. "ஐயோ, வேண்டாமெண்டு சொன்னனெல்லே. நீங்கள் முதல்ல தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

மூன்றாம் தரம் கேட்டது. இந்த முறை நான் ஒருநாளும் கேட்காத ஒரு குரலில் சொன்னாள்: "வேண்டாம். மெய்யாத்தான். ஊசி குத்துறதை விடுங்கோ. அந்த மனிசன் சாப்பிடாமக் குடியாம வாசல்ல குந்திக்கொண்டு இருக்கிறார். பஸ்ஸில என்னைத் தாங்கித் தாங்கி அவருக்கு இரைக்குது. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறார். பாக்க ஏலாமக் கிடக்கு. போதும். இதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"நிப்பாட்டும்" என்றேன். "இது அவள் இல்லை. நீங்கள் செய்து வைச்சிருக்கிற ஏதோ ஒண்டு."

"அப்பிடியும் இருக்கலாம்" என்றான். அவன் அதை நம்பவில்லை என்று தெரிந்தது. "நோயாளிக்கு மட்டும் ஒரு வழி இருக்கு ஐயா. நான் நேர வந்து அம்மாவிட்டக் கேட்டுப் பதியலாம். ஒருக்காத்தான் விடுவினம். அவ ஓம் எண்டு சொன்னா நிழலின்ர பதிலை விட்டிட்டு அதை எடுப்பினம்."

"நாளைக்கே வாரும்."

வீட்டுக்கு வந்தேன். மதலேன் குசினியில் மணைப் பலகையில் குந்திக்கொண்டு நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் குரல் சொன்னது மெய்யா என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம். ஆகவே வேறு மாதிரிச் சொன்னேன்.

"நாளைக்கு அந்தக் கஜரூபன் வருவான். மெசின் வேணுமோ எண்டு கேட்பான். ஓம் எண்டு சொல்லு."

"வந்த உடனேயோ?"

"வந்த உடனே."

"ஆலாய்ப் பறக்கிறாள் எண்டு நினைக்க மாட்டாரோ?"

"நினைக்கட்டும். ஒருக்காத்தான் கேட்பான். முதல் கேள்விக்கே ஓம் எண்டு சொல்லவேணும். விளங்கிச்சோ? எனக்காகச் சொல்லு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "சரி, சொல்லுறன். அதுக்கேன் இப்பிடி முகத்தை வைச்சிருக்கிறியள்? பிள்ளை பெறப்போற மனிசியின்ர புருசன் மாதிரி."

மறுநாள் கஜரூபன் வந்தான். பலகையை மேசையில் வைத்தான். அது கேட்கிறது என்பதற்கு ஒரு பச்சை வெளிச்சம். இந்த முறை தேத்தண்ணி கொடுத்ததும் அவன் மறுப்புச் சொல்லாமல் வாங்கினான். மதலேன் கொஞ்சம் திகைத்துத்தான் போனாள்.

"அம்மா, உங்களுக்கு இந்தச் சிகிச்சை தொடர்ந்து வேணுமோ?"

"ஓம் தம்பி, வேணும்" என்றாள். உடனே. தெளிவாக. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லது அம்மா. இன்னொரு கேள்வி, அதையும் நான் கேட்கத்தான் வேணும். இப்பிடிச் சொல்லச் சொல்லி உங்களுக்கு ஆரும் சொன்னவையோ?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. இந்தக் கேள்வி இருக்கிறது என்று எனக்கு முன்பே சொல்லக் கூடாது என்பது சட்டமாம். பிறகுதான் சொன்னான்.

மதலேன் சிரித்தாள். "வேற ஆர்? இவர்தான். நேற்றுப் பின்னேரம் முழுக்க இதுதான் பாடம். நாப்பது வருசத்தில இவர் என்னட்டக் கெஞ்சினது நேற்றைக்குத்தான் தம்பி."

பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. கஜரூபன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"என்ன, பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

வாய் தவறித்தான் சொன்னாளா, தெரிந்துதான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எது என்றாலும் சபைக்குப் பதில் ஒன்றுதான். அடுத்தவர் தூண்டுதலால் சொன்ன சம்மதம் செல்லாது. நிழலின் பதில் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் பகுதி திறந்தது. புது வடிகட்டிகள் கப்பலில் வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நோயாளியின் பெயர் ஒட்டியிருந்தது. நர்ஸ்மார் எங்களைத் தெரிந்தவர்கள்தான், ஒருத்தி அழுதாள். ஆனால் ஒரு பெயருக்கு வந்த வடிகட்டியை இன்னொருவருக்குப் போட்டால் மெசின் ஓடாது. அந்தப் பூட்டும் சபையின் ஏற்பாடுதான். களவு நடக்காமல் இருக்கவாம். நான் டொக்டரின் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கிவிட்டார். வேறு ஒன்றும் அவர் கையில் இல்லை.

மாரி முடிய முதல் அவள் போய்விட்டாள். கடைசி இரண்டு நாளும் நினைவு தடுமாறி, லொறியை வெயிலில் விடாதேங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. பறுனாந்து சவப்பெட்டியைத் தூக்கினான், வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஒரு கிழமையில் கஜரூபன் வந்தான். படலையடியில் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவனாக வந்து வாசற்படியில் இருந்தான்.

"அடுத்த சுற்றுத் திட்டம் துவங்குது ஐயா. உங்கட வீட்டை மெசினில திருத்தவேணும்."

"என்ன திருத்தம்?"

"அம்மா போனது நிழலுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஓட்டமும் பெட்டி கழட்டின நாளில இருந்துதான் துவங்கும். அண்டைக்கு அவ இருந்தவ. அதால ஒவ்வொரு ஓட்டத்திலயும் இருக்கிறா."

"இருந்து?"

"சிகிச்சைக் கேள்வி வரும். திரும்பவும் கேட்கும்."

"எத்தனை தரம் ஓட்டுவியள்?"

"எண்ணிக்கை இல்லை ஐயா. பகல் இரவாக ஓடும். மழை பிழைச்சா என்ன, டீசல் பிந்தினா என்ன, ஆள் செத்தா என்ன எண்டு எல்லா மாதிரியும் ஓட்டிப் பாக்கும்."

எத்தனையோ ஆயிரம் தரம் அவளிடம் கேட்டு, எத்தனையோ ஆயிரம் தரம் அவள் வேண்டாம் என்று, எத்தனையோ ஆயிரம் தரம் நான் அவளைப் புதைத்து. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கக் கை எழும்பவில்லை.

"ஒரு ஓட்டத்திலயாவது ஓம் எண்டு சொன்னவளோ?"

அவன் செருப்பைக் கழற்றித் திரும்பப் போட்டான்.

"கேட்கிறன்."

"சில ஓட்டத்தில, ஐயா... நீங்கள் முந்திப் போயிடுவியள். நெஞ்சு வருத்தத்தில. அந்த ஓட்டம் எல்லாத்திலயும் அவ ஓம் எண்டு சொல்லியிருக்கிறா. முதல் தரமே. கேட்டு முடிய முதலே."

கோயில் பக்கமிருந்து யாரோ பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு இருக்கிறா. அந்த அஞ்சு வருசமும் இருக்கிறா. கோழி வளக்கிறா. லூர்தம்மாவோட பஸ்ஸில ஆஸ்பத்திரிக்குப் போய் வருவா."

அவளுக்கு உயிர் வேண்டியிருந்தது. வாசலில் குந்தியிருந்த நான்தான் அதற்கு நடுவில் நின்றேன்.

"திருத்தத்துக்கு என்ன செய்யவேணும்?" என்றேன்.

"புருசன் நீங்கள். அம்மாவின்ர நிழலை எடுங்கோ எண்டு உங்கட வாயால சொன்னாச் சரி. இதுக்கு நேர ஆளின்ர சொல்லு செல்லும்."

"சொல்லாட்டி?"

"அடுத்த திருத்தம் வரைக்கும் இருக்கிற மாதிரியே கிடக்கும். அது வர வருசக்கணக்காகும்."

"என்ர நிழலை எடுக்கச் சொல்லலாமோ?"

கஜரூபன் நிமிர்ந்தான். "உங்கடயையோ? ஆரும் தன்ர நிழலை எடுக்கச் சொல்லலாம். ஆனா நிழல் இல்லாத ஆள் திட்டத்துக்குச் செத்த ஆள். மா வராது, மருந்து வராது. உங்களுக்கே நெஞ்சு சரியில்லை. விசர் வேலை பாக்காதேங்கோ ஐயா."

"நான் இல்லாட்டி அவளிட்ட முதல் தரமே ஓம் வருமெண்டு சொன்னீர்."

"அது மெசினுக்குள்ள இருக்கிற ஒண்டு ஐயா. அம்மா இல்லை. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சொன்னனான்" என்றேன். "பலகையை எடும்."

அவன் எடுக்க மறுத்தான். எனக்காக அழவும் செய்தான். கடைசியில் எடுத்தான். பச்சை வெளிச்சம் வந்தது. சந்தியோகின் நிழலை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். யாரும் சொல்லித் தந்தார்களா என்று அது கேட்கவில்லை. நன்றி என்றது.

அடுத்த மாதம் மா லொறி வந்தது. கோயில் முன்றலில் வரிசை. எனக்கு அங்கே வேலையில்லை. பறுனாந்துதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனான், தன் பங்கில் பாதி தருவதாக. பெயர் கூப்பிட்டவள் புதிதாக வந்த சபைப் பெண், எங்கள் ஊர் முகம் தெரியாதவள். பறுனாந்தின் பெயர் வந்தது. அடுத்து, "சந்தியோகு மதலேனம்மா" என்று கூப்பிட்டாள்.

வரிசை அப்படியே நின்றுவிட்டது. லூர்தம்மா நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"மதலேனம்மா இல்லையோ? ஆரும் அவவின்ர வீட்டுக்காரர் வந்திருக்கினமோ?"

நான் முன்னால் போனேன். நான் யார் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய பலகையில் எனக்கு முகம் இல்லை.

"அம்மா எங்க?"

"வீட்டில."

"இப்ப எப்பிடி, டயலிசிஸுக்கு ஒழுங்காப் போறாவோ?"

"போறா" என்றேன். "லூர்தம்மாவோட பஸ்ஸில."

அவள் மாவைத் தூக்கித் தந்தாள். நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.